சங்கத்து நாய்கள் எல்லாம் உன் அத்தை பெயரில்

பெர்த் நகரத்துச் சுரங்கக் கம்பெனியில் குளுகுளு அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் மேய்த்துக்கொண்டிருக்கும், என் அக்கா நோயலீனின் மூத்த மகன் சிரஞ்சீவி கேலமுக்கு, மாமா யூவன் ஸ்டோனி ஃபோர்ட் பண்ணையிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை ரேவினும் நலம். ஆடுகள் நலம். நாய்களும் நலம்தான், ஆனால் எங்களுடைய நாய்கள் எத்தனை என்பதில் இந்த வாரம் ஒரு குழப்பம் வந்து, இன்று மத்தியானம்தான் தீர்ந்தது. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மாமன் போன் என்றால் புரோகிராமில் ஏதோ கோளாறு என்று உனக்குத் தெரிந்துபோய்விட்டது. ஆகவே கடிதம். கடிதத்தை எடுக்காமல் விட முடியாது பார்.

உடனே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், கை பரபரக்கிறது. உன் மாமன் வாழ்நாளில் செய்த பெரிய காரியங்கள் இரண்டு. ஒன்று, உன் அத்தையைக் கட்டிக்கொண்டது. மற்றொன்று, ஒரு டேட்டாபேஸின் பேக்கப்பை வேறொரு ஸ்கீமா பெயரில் ஏற்றி, பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியது. இரண்டிலுமே முதல் முயற்சி தோற்றது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஜெயித்த பிறகு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, நேற்றிலிருந்து எனக்கு உட்காரவே முடியவில்லை. இந்தக் கடிதத்தில் பாதி நின்றுகொண்டே எழுதியது. கையெழுத்து ஆடுவதற்கு வயசு காரணமில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நம் நாய்ப் போட்டிச் சங்கத்துக்கு மார்க் கணக்கு வைக்கும் புரோகிராமை நீ காலேஜில் படிக்கும்போது ஒரு லீவில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். நல்ல புரோகிராம், குறை சொல்ல மாட்டேன். அதன் டேட்டாபேஸ் குடியிருக்கிற அறைக்கு, ஸ்கீமா என்கிறீர்களே அதற்கு, நீ ‘பிரான்வின்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். ஊரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், பால் பண்ணைக்காரர் மகள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அத்தைதான் கேட்டாள், அதுவும் உன் அம்மாவிடம். இந்நேரம் உன் மனைவி காதுவரைக்கும் போயிருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜனவரியில் நம் சங்கத் தலைவர் லிண்ட்சே டல்லக் தன்னிடமிருந்த ஜிப் என்கிற பெட்டை நாயைத் தள்ளிவிடப் பார்த்தார். அது ஆட்டைப் பார்க்கிற பார்வை பேப்பர் படிக்கிற பார்வையாக இருக்கிறது, உதவாது என்றார். உன் அத்தை ஒரு டிரெய்லர் விறகும் ஒரு பன்றித்தொடையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்தாள். ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். நம்மிடம் ஏற்கனவே ஒரு ஜிப் இருக்கிறான், குரைத்தே ஆடு விரட்டுகிற என் கிழட்டுக் குரைப்பு நாய். ஒரு கொட்டிலில் இரண்டு ஜிப் இருந்தால் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடிவரும், ஆடு மூன்றாம் பக்கம் ஓடும். அதனால் வந்தவளுக்கு டெஸ் என்று பெயர் மாற்றினோம். பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. விசில்தான் மாறவில்லை. லிண்ட்சே அடிக்கிற விசிலுக்குத்தான் திரும்புவாள், அவர் விசிலுக்குத்தான் படுப்பாள். உன் அத்தை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்காக லிண்ட்சே மாதிரியே விசிலடித்துப் பழகினாள். அந்தச் சத்தத்தில் நான் பல் தேய்ப்பதையே சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த நாய்தான், மாப்பிள்ளை, போன சனிக்கிழமை சீசனின் கடைசிப் போட்டியில், மூன்று ஆடுகளையும் மலை உச்சியிலிருந்து ஒரு குரைப்பு இல்லாமல், ஒரு அவசரம் இல்லாமல், கோயிலுக்கு — இல்லை, சர்ச்சுக்குக் கூட்டிப்போகிற மாதிரி இறக்கிக்கொண்டுவந்து வட்டத்துக்குள் நிறுத்தினாள். உன் அத்தை தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். சீசன் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் டெஸ் முதலிடம், லிண்ட்சேயின் இன்னொரு நாய் ராய் அரை மார்க் பின்னால்.

அரை மார்க் என்றால் கோப்பை. அந்தக் கோப்பையை உனக்குத் தெரியும். டல்லக், டல்லக் என்று வெட்டி வெட்டி இடம் போதாமல் அடிக்கட்டைக்குக் கீழே இன்னொரு கட்டை ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. பரிசளிப்பு விருந்துக்கு ஆட்டுத்தொடை வறுப்பது மட்டும் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து உன் அத்தை. இந்த வருஷம் அவள் வறுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் நம் சங்கத்தின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். போட்டி முடிந்து மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நடுவரின் சீட்டுகளை மன்றத்து அடுப்பில் போட்டுவிடுவோம். சீட்டோடு சண்டையும் எரிந்துவிடும் என்று லிண்ட்சேயின் அப்பா காலத்தில் வைத்த ஏற்பாடு. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பட்டியல் என்ன சொல்கிறதோ அதுதான் கோப்பையில் ஏறும். யார் நினைவையும் லிண்ட்சே ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பட்டியலில் டெஸ் இன்னும் ‘ஜிப், உரிமையாளர் லிண்ட்சே டல்லக்’ என்றே இருந்தது. ஜனவரியிலேயே மாற்றியிருக்க வேண்டும், சோம்பல்தான். ஊருக்கே தெரியும் என்பதால் சீசன் முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கோப்பையில் பெயர் செதுக்குகிறவருக்குப் பட்டியல் அனுப்ப வேண்டுமே என்று செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தேன். திரையில் அதை மாற்ற வழி இல்லை, நேராக டேட்டாபேஸுக்கே ஒரு வரி எழுது என்று நீ முன்பு ஒருமுறை போனில் சொல்லிக்கொடுத்திருந்தாய். எழுதினேன். நாயின் பெயரை டெஸ் என்று வை, உரிமையாளரை ரேவின் என்று வை. தட்டினேன். அது ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

எந்த நாய்க்கு என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை. நான் என்ன செய்வேன்? கொட்டில் வாசலில் நின்று ‘டெஸ்’ என்றால் டெஸ் மட்டும் எழுந்து வருவாள், மற்றவை காதை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். எந்த நாய் என்று தனியாகச் சொல்லுகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. பெயரைக் கேட்டே எழுந்து வருகிற நாயைவிட உன் டேட்டாபேஸுக்குப் புத்தி கம்மி என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பட்டியலைத் திறந்தால் முதலிடம் டெஸ், உரிமையாளர் ரேவின். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாமிடம் டெஸ், உரிமையாளர் ரேவின். மூன்றாமிடமும் அவளே. கீழே போகப் போக டெஸ், டெஸ், டெஸ். கடைசி இடம் பிடித்து ஊர் சிரித்த நாயும் அவளுடையதே. சங்கத்தில் உள்ள, முறைத்தே ஆடு மடக்குகிற முறைப்பு நாய், குரைப்பு நாய், குட்டி, கிழம் அத்தனையும் உன் அத்தை பெயருக்கு வந்துவிட்டன. அது போதாதென்று உன் புரோகிராம் ஒரு மரியாதை வேறு செய்தது. நாய் கைமாறினால் பழைய உரிமையாளருக்குத் தானாகவே மின்னஞ்சல் போகும் என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அது சங்கம் முழுக்கப் போயிற்று. ‘உங்கள் நாயின் உரிமை ரேவின் அவர்களுக்கு மாற்றப்பட்டது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’

முதலில் வந்தவர் காலின் ஸ்ட்ராங், நம் பக்கத்துப் பண்ணைக்காரர். அவரிடம் மேக் என்று ஒரு குரைப்பு நாய் இருக்கிறது. அந்த நாய் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் மூன்று பள்ளத்தாக்கு தள்ளி இருப்பவர்களுக்கும் அதைத் தெரியும். காலின் வண்டியை நிறுத்தினார், மேக்கை இறக்கினார், என் வாசல் கம்பத்தில் கட்டினார், பக்கத்தில் பிஸ்கட் மூட்டையைச் சாய்த்தார்.

“இந்தா யூவன், ஒன் பொண்டாட்டியோட நாய். காலைல குரைக்கும், சாயங்காலம் குரைக்கும், நடுவுல சும்மா இருக்கேன்னு கொஞ்சம் குரைக்கும்.”

தப்பு நடந்துவிட்டது, சரிசெய்துவிடுவேன் என்று நான் விளக்கினேன். எழுத்தில் வந்துவிட்டது, எழுத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத சிரிப்போடு காலின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அடுத்தது போன். லிண்ட்சே சிரிக்காமல் பேசுகிறவர் என்பது உனக்குத் தெரியும். “மொத்தக் கோப்பையையும் குடும்பத்துக்குள்ளயே வச்சுக்கலாம்னு பாத்தியா யூவன்? ஒண்ணு ரெண்டு நாயையாவது வெளிய விட்டிருக்கலாம்,” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் செயலாளர் புருஷன், ஜெயித்தவள் பெண்டாட்டி என்று ஊர் பேச எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்து ‘நாய்க்கெல்லாம் சாப்பாடு போட்டாச்சா’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஐலீன் ஸ்கோபியின் போனைத்தான் தாங்க முடியவில்லை. அவளுடைய நாய் சாம் போன குளிர்காலத்தில் செத்துப்போனது உனக்குத் தெரியாது. பட்டியலில் அதன் பெயர் மட்டும் இருந்தது, ஒரு போட்டியும் ஓடாமல், பூஜ்யம் மார்க்கோடு, கடைசியில். நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. ஐலீன் கோபப்படவே இல்லை. “சாம் பேரு அங்க இருந்துதே யூவன், காணலையே,” என்று மட்டும் கேட்டாள். வந்துவிடும் என்றேன். சொல்லும்போது எனக்கு எப்படி வரும் என்று தெரியாது.

பேக்கப் இருந்தது. மாமனை முட்டாள் என்று நினைக்காதே. நீ சொன்னபடி ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் ஒரு விரல் நீள யூஎஸ்பி குச்சியில் எடுத்து வைப்பேன். வீடு தீப்பிடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதால் கொட்டகையில் நாய்களுக்கு ஆட்டுக்கறி போட்டு வைக்கிற பிரீசரில், ஒரு ரொட்டிப் பையில் சுற்றி, விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். எடுத்தால் கல்லாக இருந்தது. தாய் இல்லாத ஆட்டுக்குட்டியைச் சூடுபண்ணுகிற பெட்டியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, நான் காவல் உட்கார்ந்தேன். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, பால் புட்டி வேணுமா என்று கேட்டாள்.

பேக்கப்பில் ஒரே ஒரு குறை. அது கடைசிக்கு முந்திய போட்டியோடு நின்றுவிட்டது. கடைசிப் போட்டி முடிந்த சந்தோஷத்தில் நான் பேக்கப் எடுக்காமல் பாட்டில் எடுத்துவிட்டேன். ஆக, நிலைமை இது: உயிரோடு இருக்கிற டேட்டாபேஸில் கடைசிப் போட்டியின் மார்க் இருக்கிறது, நாய்களின் பெயர் இல்லை. குச்சியில் பெயர்கள் இருக்கின்றன, கடைசிப் போட்டி இல்லை. சீட்டு சாம்பல். குச்சியை அப்படியே மேலே கொட்டினால் எல்லா நாய்களும் வீடு திரும்பும்; டெஸ் ஓடிய அந்த ஓட்டம் மட்டும் நடக்காததாகிவிடும், ராய் ஜெயித்துவிடும். எனக்கு இவ்வளவு தெளிவாக அப்போது புரிந்தது என்று நினைக்காதே. இதெல்லாம் எனக்குச் சொன்னவள் அனிக்கா.

அனிக்கா யார் என்றால், கவுன்சில் அலுவலகத்தில் ஊர் வீட்டு வரி டேட்டாபேஸ் முழுவதையும் கட்டி மேய்ப்பவள். இந்த வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளே லிண்ட்சேயின் மருமகளும். வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தாள், மாமனாரையும் கூட்டிக்கொண்டு. ரோட்டில் உறைபனி, அவள் காருக்கு ஆகாது, அதனால் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டதாக லிண்ட்சே சொன்னார். விட்டவர் போயிருக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். உன் அத்தை டீயும் ஸ்கோன் ரொட்டியும் வைத்தாள். தன் கோப்பைக்கு உலை வைக்கிற வேலை நடப்பதை ஒரு மனிதன் ஜாம் தடவிக்கொண்டே பார்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அனிக்கா முதலில் செய்த காரியம், இப்போது இருக்கிற குப்பையையும் ஒரு நகல் எடுத்து வைத்தது. எல்லா நாயும் டெஸ் என்று இருக்கிற இந்தக் கண்றாவியை எதற்குப் பத்திரப்படுத்துகிறாய் என்று கேட்டேன். பட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி வெளிக்கேட்டைச் சாத்துவீங்களா மாட்டீங்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சரியான கேள்வி. பிறகு குச்சியில் இருப்பதை வேறு ஸ்கீமாவில் ஏற்ற வேண்டும் என்று விளக்கினாள். ஸ்கீமா என்றால் பெயர்ப்பலகை மாட்டிய கொட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்வின் கொட்டிலில் ஏற்கனவே ஆள் இருக்கிறது. பக்கத்தில் புதுக் கொட்டில் ஒன்று போட்டு, பழைய பெயர்களை அதில் இறக்கி, அங்கிருந்து ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ஒரே வீட்டில் இரண்டு ஜிப் கூடாது என்பதுதானே என்றேன். அதேதான் என்றாள். எனக்கு ஒரு அடி உயரம் கூடிவிட்டது.

புதுக் கொட்டிலுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பிரான்வின் இரண்டு என்றேன். கிட்டத்தட்ட ஒரே மாதிரி பெயர் வைத்தால் அவசரத்தில் மாறிப்போகும், நாய்க்கு அப்படி வைப்பீர்களா என்றாள். அதுவும் சரி. குச்சி வந்த இடத்தை நினைத்து மட்டன் என்று வைத்தோம்.

இந்த இடத்தில்தான் மேக் கட்டை அறுத்துக்கொண்டது. உன் அத்தையின் கோழிகளை மொத்தமாக ஓட்டி, லிண்ட்சேயின் வண்டிக்கு அடியில் சேர்த்து நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அந்த நாய் வாழ்க்கையில் செய்த முதல் வேலை அது, பிசிறில்லாமல் செய்தது என்று சொல்ல வேண்டும். அத்தையும் அனிக்காவும் வெளியே ஓடினார்கள். ஓடும்போது அனிக்கா, எதையும் தொடாதீங்க, அந்த ஃபைலுக்கு உள்ளேயும் பெயர் இருக்கும், நான் வந்து பார்க்கிறேன் என்று சொன்னாள். சொன்னது காதில் விழுந்தது. ஆனால் மட்டன் என்ற கொட்டில் திறந்து கிடக்கிறது, ஃபைல் கையில் இருக்கிறது, எதிரே லிண்ட்சே ‘உனக்கெல்லாம் இது ஆகுமா’ என்கிற முகத்தோடு ஸ்கோன் தின்கிறார். ஏற்று, மட்டனில் ஏற்று என்று எழுதித் தட்டிவிட்டேன்.

பட்டியலைத் திறந்தேன். ராய் என்று இருந்தது, மேக் என்று இருந்தது, கடைசியில் சாம் என்று இருந்தது. நாற்காலி கீழே விழ எழுந்து நின்று கத்தினேன். உன் அத்தை ஒரு கோழியோடு ஓடிவந்தாள். லிண்ட்சே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதலிடம் ராய், உரிமையாளர் லிண்ட்சே டல்லக். கடைசிப் போட்டியைக் காணோம்.

“எனக்கு இது சரியாத்தான் தெரியுது,” என்றார் லிண்ட்சே.

என்ன நடந்தது என்று பிறகு அனிக்கா சொன்னாள். நான் மட்டனுக்குப் போ என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த ஃபைலின் தலையிலேயே ‘பிரான்வினுக்குப் போ’ என்று எழுதியிருக்கிறது. வெளியே நான் வைத்த பெயரை அது மதிக்கவில்லை, உள்ளே இருக்கிற பழைய விசிலுக்குத் திரும்பி, நேராகப் பிரான்வினுக்குள் போய், இருந்ததை எல்லாம் மிதித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மட்டன் காலியாகவே கிடந்தது. இதை நாங்கள் டெஸ்ஸிடம் பார்த்தோமே, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

ஆனால் அந்த நிமிஷம் அதெல்லாம் தெரியாது. வெளியே மேக் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது. உன் அத்தை கோழியை மெல்ல இறக்கிவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பேரு வெட்டலைன்னா போவுது யூவன். ஆனா அவ ஓடினது ஓடலைன்னு ஆயிடக் கூடாது,” என்றாள். எனக்கு அடுப்பில் சீட்டுக்குப் பதிலாக என்னைப் போட்டிருக்கலாம் என்று இருந்தது. லிண்ட்சேகூட கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அனிக்கா தலையில் வைக்கோலோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் லிண்ட்சேயைப் பார்த்தேன். “தொடாதீங்கன்னு சொன்னேன்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கண்றாவி என்று நான் சொன்னேனே, அந்த நகல், அதுதான் அன்றைக்குக் குலதெய்வமாக வந்து நின்றது. அதைப் பிரான்வினில் திரும்ப ஏற்றினாள். எல்லா நாயும் மறுபடி டெஸ் ஆயின, கடைசிப் போட்டியும் திரும்பி வந்தது. பட்டியல் முழுக்க டெஸ் என்று பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று செவ்வாய்க்கிழமை யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பிறகு குச்சி ஃபைலைத் திறந்து, தலைப்பில் பிரான்வின் என்று இருந்த இடங்களை என்னிடம் காட்டி, நீங்களே மாற்றுங்கள் என்றாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்து மட்டன் என்று அடித்தேன். தட்டினேன். மாப்பிள்ளை, போயிற்று! பிரான்வின் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க, பக்கத்தில் மட்டன் நிரம்பி நின்றது. இரண்டு கொட்டில், இரண்டு பெயர், ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. ஒருத்தி வாசலில் நிற்க, இன்னொருத்தியை உள்ளே கூட்டிவந்து சண்டையில்லாமல் உட்கார வைத்த மாதிரி. இதை உன் மனைவியிடம் படித்துக் காட்டாதே.

அப்புறம் வேலை சுலபம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு எண் இருக்கிறது, அது மாறவே இல்லை. அந்த எண்ணைப் பிடித்து, மட்டனில் உள்ள பெயரையும் உரிமையாளரையும் பிரான்வினுக்கு எடுத்துவா என்று அனிக்கா எழுதினாள். எல்லா நாய்க்கும் பழைய பெயர் வந்துவிட்டது, அத்தனை பேருடைய நாயும் அவரவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, சனிக்கிழமை மார்க்கும் ஒரு சொட்டு குறையாமல் இருக்கிறது. தன் மாமனாரைக் கோப்பையிலிருந்து இறக்குகிற வேலையை அந்தப் பெண் அவர் கண்ணெதிரே, கை கூசாமல் செய்தாள். லிண்ட்சே டீயைக் குடித்து முடித்துவிட்டு, என் மகன் நல்ல இடத்தில்தான் கட்டியிருக்கிறான் என்றார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு என்று அதைத் தேதி போட்டு வைக்கலாம்.

இன்று காலை ஐலீனுக்குப் போன் செய்து சாம் வந்துவிட்டது என்றேன். பூஜ்யம் மார்க் அப்படியே இருக்குதா என்று கேட்டாள். அப்படியே இருக்கிறது என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை இதெல்லாம் பண்ணலாம். மத்தியானம் காலின் வந்தார், சாவுக்கு வந்த முகத்தோடு. மேக்கை வண்டியில் ஏற்றினார். பிஸ்கட் மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்து, நன்றாகத்தான் சாப்பிட வைத்திருக்கிறாய் என்று குறைபட்டுக்கொண்டே போனார்.

ஆக எல்லாம் சுபம். நாளை சாயங்காலம் விருந்து. உன் அத்தை தொடைக்கறிக்கு மசாலா தடவிக்கொண்டே விசிலடித்துக்கொண்டிருக்கிறாள். டெஸ் ஜன்னலுக்கு வெளியே வலது பக்கம் போவதா இடது பக்கம் போவதா என்று தெரியாமல் தவிக்கிறாள். செதுக்குகிறவர் இன்று ராத்திரி வேலை செய்கிறாராம், பட்டியலை அனுப்பிவிட்டு இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். நீ எழுதிய புரோகிராமால் வந்த வினை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஃபைலுக்குள்ளே பெயரை எழுதி வைத்தது நீ பேக்கப் எடுக்கச் சொன்ன முறைதான் என்று அனிக்கா சொன்னதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். குழந்தைக்கு எங்கள் முத்தம். உன் மனைவிக்கு எங்கள் அன்பும், பிரான்வின் விஷயத்தில் எங்கள் வாய்ப்பூட்டும். உன் வீட்டில் எது தொலைந்தாலும் பக்கத்தில் அதன் நகல் வேறு பெயரில் நிற்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
யூவன் மெக்காஸ்கில்,
செயலாளர், ஸ்டோனி ஃபோர்ட் நாய்ப் போட்டிச் சங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், அனுப்பப்போகிற பட்டியலைச் சந்தோஷத்துக்காக ஒருமுறை திறந்து பார்த்தேன். முதலிடம்: ஜிப், உரிமையாளர் லிண்ட்சே டல்லக். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. எல்லா நாய்க்கும் பழைய பெயர் வந்துவிட்டது என்று மேலே நானே பெருமையாக எழுதியிருக்கிறேன் பார், அதில் நம் நாயும் சேர்த்தி. செவ்வாய்க்கிழமை எந்த ஒரு பெயரை மாற்ற உட்கார்ந்தேனோ, அது மட்டும் இன்னும் மாறவில்லை. இப்படியே போயிருந்தால் உன் அத்தை ஓட்டிய ஓட்டத்துக்கு லிண்ட்சே பெயரை வெட்டியிருப்பார்கள். நல்லவேளை, பார்த்தேன். அனிக்காவை இதற்கெல்லாம் தொந்தரவு செய்வானேன், ஒரே ஒரு வரிதானே, இந்த வாரத்தில் நான் கற்றது கொஞ்சமா. இப்போதுதான் உட்கார்ந்து எழுதித் தட்டினேன். திறந்து பார்த்தேன். முதலிடம் டெஸ், உரிமையாளர் ரேவின். கண் நிறைந்துவிட்டது, கீழே படிக்கவில்லை. போன் அடிக்கிறது. உன் அத்தை எடுத்து, ஐலீன் பேசுகிறாள், ஏதோ சாம் என்கிறாள் என்று கூப்பிடுகிறாள். வாசலில் காலின் வண்டி வந்து நிற்கிறது. மேக் குதித்து இறங்குகிறது. இந்தத் தடவை பிஸ்கட் மூட்டை இரண்டு.